பழைய 800 கியர்பாக்ஸ்: பிரிப்பதா, மாற்றுவதா?

2014-ல் தயாரிப்பு நின்ற மாருதி 800 கோயமுத்தூர்ப் பக்கம் இன்னும் ஓடுதுங்க. கியர் தகராறு பண்ணினால் பெட்டியைப் பிரிப்பதா, உக்கடத்தில் பழைய பெட்டி வாங்கிப் போடுவதா?

முதலில் கோளாறு பெட்டியில்தானா என்று பாருங்க. இன்ஜின் ஆஃபில் எல்லாக் கியரும் லேசா விழுந்து, ஸ்டார்ட் பண்ணினதும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுசா விடலை. கேபிளை டைட் பண்ணினாலே சரியாகலாம். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் சின்க்ரோ ரிங் (கியர் உரசாமல் விழ, வேகத்தை ஒத்துப்போக வைக்கிற வளையம்). நியூட்ரலில் உறுமல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் அடங்கினால் பேரிங்.

செலவு: ரிங், பேரிங் மட்டும் என்றால் பிரிப்பது மலிவு. கியர்ப் பல்லே உடைந்திருந்தால் மாற்றுவது.

நேரம்: மாற்றுவது சீக்கிரம் முடியும்.

நம்பகம்: பழைய பெட்டிக்குள் என்ன இருக்கோ, யார் கண்டது! ஆயில் வடிக்கிற டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பாருங்க. மினுமினுப்பான பொடி பரவாயில்லை. இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் வாங்காதீங்க. நாலு கியர் பெட்டியா, அஞ்சா என்பதையும் பார்க்கணும்.

டவுனுக்குள் மட்டும் ஓடுற வண்டிக்கு மாற்றுப் பெட்டி போதும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறணும்னா, பிரித்துச் சரி பண்ணுவதுதான் என் கட்சி. எதுவானாலும் பெட்டி இறங்கின கையோடு கிளட்ச் பிளேட்டையும் பார்த்துடுங்க.