அடங்கலும் அரசாணையும்: காலநிலைக் கொள்கை உள்ளகப் பயிற்சி ஒன்றின் மதிப்புரை

சென்னையில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் கோடைக்காலத்தில் முதுகலை மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்தும் உள்ளகப் பயிற்சியைப் பற்றியது இம்மதிப்புரை. மாநில அரசின் காலநிலைத் திட்டங்களுக்கு வேண்டிய தரவுத் தொகுப்புகளையும் வரைவு அறிக்கைகளையும் தயாரித்துக் கொடுப்பது அந்நிறுவனத்தின் பணி. நிறைகளோடு குறைகளையும் எழுதவிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய இன்டர்ன் பணியிடங்கள் பல நிறுவனங்களிலும் கிடைக்கும் நிலையில், விண்ணப்பிக்க எண்ணுவோருக்கு இங்குள்ள விவரங்கள் பெரும்பாலும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

பணியிடங்கள் உருவானதற்குக் காரணம் உண்டு. ஒன்றிய அரசு 2008-ஆம் ஆண்டில் காலநிலை மாற்றத்துக்கென எட்டு இயக்கங்களைக் கொண்ட தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டு, மறு ஆண்டு மாநிலங்களையும் தத்தமக்கான செயல்திட்டங்களைத் தயாரிக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் 2021-க்குப் பிறகு இவ்வேலை பல மடங்கு விரிந்தது. சுற்றுச்சூழல் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றம் இடம்பெற்றது. தமிழ்நாடு பசுமை காலநிலை மாற்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் ஆகியவை அதன்கீழ் வந்தன. 2022-இல் முதலமைச்சர் தலைமையில் நிர்வாகக் குழு அமைந்தது. மாவட்டங்களில் ஆட்சியர்கள் காலநிலை மாற்ற இயக்கத்தின் தலைமைப் பொறுப்பையும், மாவட்ட வன அலுவலர்கள் காலநிலை அலுவலர் என்ற கூடுதல் பொறுப்பையும் ஏற்றனர். இத்தனை அடுக்குகளுக்கும் அறிக்கைகள் வேண்டும், அறிக்கைகளுக்கு எண்கள் வேண்டும், எண்களைத் திரட்டிச் சீர்செய்யக் குறைந்த செலவில் ஆட்கள் வேண்டும்.

அறிவிப்பிலோ கொள்கை வகுப்பில் நேரடிப் பங்கேற்பு என்று இருந்தது. அவ்வாசகத்தை நம்பிச் செல்பவர் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோவார். தலைமைச் செயலகக் கூட்டங்களில் இன்டர்னுக்கு இடமில்லை. அதிகாரிகளைச் சந்திப்பதும் மூத்த ஆய்வாளர்களே. எனக்குக் கிடைத்தது மாநிலத்தின் பசுமைக்குடில் வாயு உமிழ்வுக் கணக்கில் வேளாண்மை, மின்சாரம் ஆகிய இரண்டு பிரிவுகளுக்கான எக்செல் கோப்புகள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தப் பயிற்சியில் மதிப்புள்ளது எதுவோ அது முழுவதும் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது.

நெல்லை எடுத்துக்கொள்வோம். நீர் தேங்கிய வயலில் மீத்தேன் உண்டாகிறது என்பது பாடப்புத்தகச் செய்தி. எவ்வளவு உண்டாகிறது என்று கணக்கிட நெல் பரப்பு முதலில் தேவை. அந்த எண் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவ, பயிர் அறிக்கையில் அச்சாகி வருகிறது. அறிக்கைக்கு அது கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பயிர்ப் பதிவேடான அடங்கலிலிருந்து படிப்படியாக ஏறி வருகிறது. அடங்கலில் புல எண் இருக்கும், பயிர் இருக்கும், பரப்பு இருக்கும், பாசன ஆதாரமும் இருக்கும். வயல் எத்தனை முறை காயவிடப்பட்டது என்பது மட்டும் இருக்காது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் வழிகாட்டு நெறிகளின்படி, இடைவிடாது நீர் நிற்கும் வயலோடு ஒப்பிட்டால், காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பலமுறை நீர் வடிக்கப்படும் வயலில் உமிழ்வு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அப்படியானால் தஞ்சை டெல்டாவின் குறுவையையும் சம்பாவையும் கோப்பின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது, கடைமடை வயலை எதில் சேர்ப்பது என்று யாரோ ஒருவர் ஓர் அனுமானத்தை எழுதியாக வேண்டும். அந்த அனுமானம் மாறினால், பின்னாளில் காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர்ப்பாசனத்தை ஊக்குவிக்கும் திட்டம் எவ்வளவு உமிழ்வைக் குறைத்தது என்ற கணக்கும் மாறிவிடும்.

ஆண்டுக் கணக்கும் இதே போன்ற சிக்கல்தான். வருவாய்க் கணக்குகள் ஜூலை முதல் ஜூன் வரையிலான பசலி ஆண்டைப் பின்பற்றுகின்றன. மின்வாரியத்தின் கணக்கு ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு உரியது. உமிழ்வுக் கணக்கையோ பெரும்பாலும் நாட்காட்டி ஆண்டுக்குத் தயாரிக்கிறார்கள். மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தும் வேலை அலுப்பூட்டும். ஆனால் வெளியான அறிக்கை எதையும் அதற்குப் பிறகு அடிக்குறிப்பைப் பார்க்காமல் படிக்க மனம் வருவதில்லை.

மின்சாரப் பிரிவில் கற்றது இதைவிடப் பெரிது. தமிழ்நாட்டில் வேளாண் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். அந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லாததால், அவற்றின் நுகர்வு அளக்கப்படுவதில்லை, மதிப்பிடப்படுகிறது. அதைத் தாண்டினால் இன்னொரு கேள்வி. மத்திய மின்சார ஆணையம் நாடு முழுவதற்குமான மின்தொகுப்புக்கு ஒரே உமிழ்வுக் காரணியை வெளியிடுகிறது. அது யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மாநிலத்தின் நுகர்வை இந்தக் காரணியால் பெருக்கினால், 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைத் திறனை நிறுவிய மாநிலத்தின் உழைப்பு தேசியச் சராசரியில் கரைந்துபோகிறது. மாறாக, மாநில எல்லைக்குள் இயங்கும் நிலையங்களின் உமிழ்வை மட்டும் எண்ணினால், கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் சேர்த்து மின்சாரம் அனுப்பும் நெய்வேலியின் புகை முழுவதும் நம் கணக்கில் ஏறுகிறது. இரண்டு முறைகளுக்கும் நியாயம் உண்டு. எதைத் தேர்ந்தால் எந்தத் துறையின்மீது பொறுப்பு விழுகிறது என்பதை என் வழிகாட்டி விளக்கிய அந்தப் பிற்பகல், பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுவதும் கேட்ட சுற்றுச்சூழல் பொருளியல் வகுப்புகளை விடப் பயனுள்ளதாக இருந்தது. உமிழும் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் சமமாகும் நிகரச் சுழியத்தை 2070-இல் எட்டுவதாக இந்தியா அறிவித்திருக்க, தமிழ்நாடு அதற்கு முன்பே எட்டும் என்று முதலமைச்சர் அறிவித்திருக்கிறார். எந்தக் கணக்குமுறையில் எட்டுவது என்ற தேர்வு இப்படி ஓர் எக்செல் கட்டத்துக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

பயிற்சியின் இன்னொரு நல்ல அம்சம், வாரந்தோறும் நடந்த ஆவண வாசிப்பு. சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகளையும் அரசாணைகளையும் வரிவரியாகப் படித்தோம். அரசாணையின் தலைப்பில் படிக்கப்பட்டவை என்று வரும் கடிதப் பட்டியலைக் கொண்டே திட்டம் எங்கிருந்து கிளம்பியது என்று அறியலாம். நிதித்துறையின் இசைவைக் குறிப்பிடும் கடைசிப் பத்தியைப் பார்த்தால் அது அறிவிப்போடு நிற்குமா, பணத்தோடு நகருமா என்று ஊகிக்கலாம். 2024 அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டதை இங்கே விவாதித்தோம். இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்பது நாளிதழ்களில் தலைப்பானது. மாநிலம் தானே அறிவிக்கும் பேரிடர்களுக்கு மாநிலப் பேரிடர் நிதியில் பத்து விழுக்காடு வரைதான் செலவிடலாம் என்ற வரம்பும், வெப்பத்தால் நேர்ந்த சாவு என்று எதைக் கொண்டு சான்றளிப்பது என்ற கேள்வியும்தான் அந்த அமர்வில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டன.

இனிக் குறைகள். முதலாவது, தயாரித்துக் கொடுத்த கோப்பு அதன்பின் என்ன ஆனது என்பதை யாரும் சொல்வதில்லை. அனுமானங்களைப் பற்றி நான் எழுதிய குறிப்பு ஒரு துறைக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஏற்கப்பட்டதா, மாற்றப்பட்டதா என்று கேட்டபோது, கோப்பு சுழற்சியில் இருக்கிறது என்ற பதிலே கிடைத்தது. துறையின் வேகத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்க முடியாதுதான். ஆயினும், வந்த திருத்தங்களை மின்னஞ்சலில் பகிரும் வழக்கம்கூட இல்லாதிருப்பது பயிற்சி என்ற பெயருக்குப் பொருந்தவில்லை.

களப்பயணம் அறவே இல்லை. டெல்டாவைப் பற்றிக் கோடை முழுவதும் கணக்கெழுதியவர்களை ஒருமுறையாவது ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ வாய்க்கால் தலைப்புக்கோ அழைத்துச் சென்றிருக்கலாம். பயணப்படி இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதே காலத்தில் நட்சத்திர விடுதியில் ஒரு கருத்தரங்கு நடந்ததைப் பார்த்தபோது, அதை முழுமையாக ஏற்க இயலவில்லை.

ஊக்கத்தொகை சென்னையில் விடுதி அறைக்கும் பேருந்துக்கும் போதும். சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். இதனால் சென்னையில் வீடுள்ளவர்களும் வசதியுள்ளவர்களுமே பெரும்பாலும் சேர்கிறார்கள். அடங்கல் என்றால் என்னவென்று பார்த்தே வளர்ந்திருக்கக்கூடிய திருவாரூர், நாகப்பட்டினம் மாணவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள். தமிழ் ஆவணங்களைப் படிக்க இயலாத சக இன்டர்ன்களுக்காகப் படித்துச் சொல்லும் வேலையும், தமிழ் தெரிந்த எங்கள்மேல், எந்தக் கணக்கிலும் ஏறாத வேலையாக விழுந்தது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? புள்ளியியல், பொருளியல், வேளாண்மை படித்து, எண்களின் மூலத்தைத் தேடிச் செல்வதில் இன்பம் காண்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். பள்ளிக்கரணையையும் பிச்சாவரத்தையும் நேரில் பார்த்து வேலை செய்ய விரும்புபவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. அவர்கள் மாவட்டத்துக்கு ஒருவர் என்ற அளவில் நியமிக்கும் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்துக்குக் காத்திருக்கலாம். அது ஆட்சியர் அலுவலகத்தோடு இணைந்த இரண்டாண்டுப் பணி என்பதால், கோடை விடுமுறைப் பயிற்சியோடு ஒப்பிடத்தக்கதும் அன்று. ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னால் மூன்றரை தருவேன். அதில் இரண்டு மதிப்பெண் வழிகாட்டிக்கே உரியது. வழிகாட்டி மாறினால் மதிப்பெண்ணும் மாறும்.

ஆகவே, நேர்காணலில் எந்தப் பிரிவில், யாருக்குக் கீழ் வேலை என்று முதலில் கேளுங்கள். அறிக்கையில் இன்டர்ன்களின் பெயர் எங்கே வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள். எங்கள் பெயர்கள் நன்றியுரையில் ஒரே வரியில் அடங்கின. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன், எந்தக் கோப்பைப் பிற்கால வேலைவாய்ப்பு நேர்காணலில் எடுத்துக்காட்டலாம் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள், கேட்காதவர்களிடம் இப்போது சான்றிதழ் மட்டுமே இருக்கிறது.