விமான நிறுத்துதளத்தில் ஓராண்டு அணிந்த காதுக்கவசம்

வெளிநாட்டு விமானப்படைத் தளம் ஒன்றில் தரைப்பணியாளராக உள்ள நான், பணிக்காக வழங்கப்பட்ட காதுக்கவசத்தை ஓராண்டுக்கும் மேலாக அணிந்து வருகிறேன். சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைப்பது, எரிபொருள் குழாயை இணைப்பது, இயந்திரம் உறிஞ்சிவிடக்கூடிய கற்களையும் திருகாணிகளையும் வரிசையாக நடந்து பொறுக்குவது என அன்றாட வேலை பெரும்பாலும் இரைச்சலுக்கு நடுவிலேயே நடக்கிறது.

85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் தாங்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் ஒரு பாதுகாப்பு அளவுகோல் கூறுகிறது. அதன்படி 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். போர் விமானத்தின் அருகில் இரைச்சல் இதைவிட மிக அதிகம் என்பதால், கவசத்திற்கு உள்ளே காதுத் துளையில் நுரை அடைப்பானையும் செருகிக்கொள்கிறோம். இரண்டின் காப்பளவையும் அப்படியே கூட்டிவிட முடியாது. கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 5 டெசிபல் மட்டுமே. இதைப் புதியவர்கள் பலர் நம்புவதில்லை.

கவசத்தின் அடைப்புத் திறனில் எனக்குக் குறையில்லை. ஆனால் வியர்வையில் ஊறிய மெத்தை வளையங்கள் சில மாதங்களிலேயே இறுகி வெடித்தன. கண்ணாடி அணிவோருக்கு, அதன் காம்பு உண்டாக்கும் இடைவெளி வழியே இரைச்சல் கசிகிறது. மெல்லிய காம்புள்ள கண்ணாடி ஓரளவு உதவும். தலைப்பட்டையின் அழுத்தம் நீண்ட பணிமுறையின் இறுதியில் தலைவலியைத் தருகிறது, எனினும் அதைத் தளர்த்துவது தவறு. மாற்று வளையங்கள் தனியாகக் கிடைத்தால் மட்டுமே இந்தக் கவசத்தை வாங்கலாம்.