லியூசினா, வாலினா: செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்கு எது ஆபத்து?

இரண்டும் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள்: கிளைவிட்ட கார்பன் சங்கிலி கொண்ட, புரதத்தின் கட்டுமானப் பொருள்கள். சிதைவின் முதல் இரண்டு படிகளில் இரண்டையும் கையாளுவது ஒரே நொதிகள்தான். இரண்டாவது படி தாண்டிவிட்டால் திரும்பி வர வழியில்லை. பாதை பிரிவது அதற்கு அப்புறம்தான்.

லியூசின் கடைசியில் அசிட்டைல்-கோஏ, அசிட்டோஅசிட்டேட் என முடிகிறது (கோஏ என்பது கோஎன்சைம் ஏ, அமிலத் துண்டுகளைச் சுமக்கும் மூலக்கூறு). எரிக்க உதவும், குளுக்கோஸ் ஆகாது. வழியில் ஒரு நொதி பிறவியிலேயே பழுதானால் ஐசோவலெரிக் அமிலம் தேங்கி, குழந்தையின் உடலில் வியர்த்த பாதத்தின் வாடை வீசும். 1966இல் விவரிக்கப்பட்ட நோய் இது.

வாலின் கதை இன்னும் சிக்கலானது. நடுவில் மெதாக்ரைலைல்-கோஏ உருவாகிறது. புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் சட்டென்று ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கும் பொருள் அது. அதனால் செல் அதைத் தேங்கவிடுவதில்லை: ஒரு நொதி உடனே தண்ணீர் சேர்க்கிறது, அடுத்தது கோஏவைக் கழற்றிவிடுகிறது. இந்த இரண்டாவது நொதி இல்லாத குழந்தைகளுக்கு லீ நோய்க்குறி (மைட்டோகாண்ட்ரியா பழுதால் குழந்தைகளின் மூளை சிதையும் நோய்) போன்ற மூளைப் பாதிப்பு வருகிறது. சிலருக்கு, மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தயாரிக்கும் சுவாசச் சங்கிலி நொதிகளின் வேலையும் குறைந்துவிடுகிறது. இந்தக் கண்டம் தாண்டினால் வாலினுக்கு ஒரு நல்ல முடிவு உண்டு. சக்சினைல்-கோஏவாக மாறி, உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள்ளேயே நுழைந்து அதை நிரப்புகிறது. அதற்கு வைட்டமின் பி12 வேண்டும்; லியூசினுக்கு அது தேவையில்லை.

பாதை அடைபட்டால் மைட்டோகாண்ட்ரியாவை நேரடியாகத் தாக்குவதில் வாலின்தான் மோசம் என்பேன். ஆனால் அந்தப் பொதுவான இரண்டாவது படியின் நொதியே பிறவியில் பழுதாகும் மேப்பிள் சிரப் சிறுநீர் நோயில் மூளைக்கு முதல் எதிரி லியூசின்.