வெளிச்சுவரில் ஓட்டை: சிமெண்டா, செங்கல்லா, சுண்ணாம்பா, ஃபோமா?

தர்மபுரியில் எங்கள் வீட்டின் மேற்குச் சுவரில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றியபோது ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் ஓட்டை ஒன்று மிஞ்சியது. ஒன்பது இஞ்ச் சுவர். அன்று வேலைக்கு வந்தவர் உள்ளே காலி சிமெண்ட் சாக்கையும் உடைந்த ஜல்லியையும் திணித்து, இரண்டு பக்கமும் கெட்டியாகச் சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார். ஒரு மணி நேர வேலை. நானும் சரி என்றுதான் விட்டேன். அடுத்த கோடை மழை காற்றோடு மேற்கிலிருந்து அடித்தபோது, பூசிய சதுரத்தின் நான்கு ஓரமும் மயிரிழை போல விரிந்திருந்தது தெரிந்தது. தண்ணீர் அந்த வழியாக இறங்கி, உட்பக்கம் பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்திலேயே இன்னும் இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டி வந்தது. ஒன்று பாலக்கோட்டில் சித்தப்பாவின் பழைய ஓட்டு வீட்டில். இன்னொன்று ஓசூரில் தங்கை வாடகைக்கு இருக்கும் வீட்டில். மூன்றையும் அருகிலிருந்து பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. எந்தப் பொருள் நல்லது என்று கடையில் கேட்பதற்கு முன், சுவர் எதனால் கட்டியது, ஓட்டை எவ்வளவு ஆழம் என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

முதலில் வெறும் சிமெண்டை எடுத்துக்கொள்வோம். பலரும் கை வைப்பது இதில்தான், பலருக்கும் காலை வாருவதும் இதுதான். சிமெண்ட் அதிகம் உள்ள கலவை காயும்போது அதிகம் சுருங்கும். சிறிய ஓட்டையில் அது தெரியாது. ஓர் அடி அகலத்தில் மொத்தையாக அப்பினால் ஓரத்தில் பழைய செங்கல்லை விட்டு விலகியே தீரும். சுற்றியுள்ள செங்கல் காய்ந்திருந்தால் இன்னும் மோசம். செங்கல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். 24 மணி நேரம் ஊறினாலும் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது என்று இந்தியத் தர விதி சாதாரணச் செங்கல்லுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் இருக்கிற மூன்று கிலோ கல்கூட அரை லிட்டருக்கு மேல் குடிக்கலாம் என்று ஆகிறது. அந்தத் தண்ணீரைக் காய்ந்த கல் புதுச் சாந்திலிருந்து எடுத்துக்கொண்டால், சிமெண்ட் இறுகத் தேவையானது சாந்தில் மிஞ்சாது. ஆணி பிடுங்கிய குழி, விரல் நுழையும் பொத்தல், இவற்றுக்குச் சிமெண்டும் மணலும் போதும். உள்ளங்கையை விடப் பெரிய ஓட்டைக்கு இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஓட்டையை மறுபடி செங்கல் வைத்துக் கட்டுவதுதான் எங்கள் மேற்குச் சுவரைக் காப்பாற்றியது. வந்த மேஸ்திரி வயதானவர். பழைய அடைப்பை முழுக்கப் பெயர்த்தார். ஓரத்தில் உடைந்து நின்ற அரைக்கற்களையும் எடுத்துவிட்டு, புதுக் கல் பழைய வரிசைக்குள் பல் போல மாறி மாறிப் புகும்படி இடம் விட்டார். "கல்லு முதல்ல தண்ணி குடிக்கட்டும் தம்பி, இல்லைன்னா சாந்துல இருக்கிற தண்ணிய அது குடிச்சிடும்" என்று சொல்லி, வாளியில் போட்ட கல்லில் குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்தார். ஓட்டையின் உள்விளிம்பைத் தண்ணீர் தெளித்துக் கழுவினார். ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஆறு பங்கு மணல். எம் சாண்ட்தான், ஆனால் சலித்தது. ஒரு சட்டிக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்கவில்லை. தண்ணீர் பட்ட அரை மணி நேரத்திலிருந்தே சிமெண்ட் இறுகத் தொடங்கலாம், அப்புறம் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கிளறினால் பலம் போய்விடும்.

இதில் கவனம் முழுக்கக் கடைசி வரிசையில் இருக்க வேண்டும். மேலே உள்ள பழைய கல்லுக்கும் புதுக் கல்லுக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி நிற்கும். அதற்குள் சாந்தைக் கரணையால் தடவினால் போதாது, தட்டையான கட்டையால் குத்திக் குத்தி உள்ளே இறுக்க வேண்டும். மழைத்தண்ணீர் நுழைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எங்கள் மேஸ்திரி அந்த ஒரு வரிசைக்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். மறுநாள் வெளிப்பூச்சு ஒன்றுக்கு நான்கு. பழைய பூச்சின் ஓரத்தைக் கட்டரால் நேராக வெட்டிவிட்டுப் பூசியதால் ஒட்டுத் தெரியவில்லை. பத்து நாள் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நனைத்தோம். மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் நேராக விழும் என்பதால் சாக்கு இல்லாமல் தண்ணீர் மட்டும் அடித்திருந்தால் கால் மணியில் காய்ந்திருக்கும்.

இந்த வழியின் குறை பொருளில் இல்லை, ஆளில்தான். பத்துப் பன்னிரண்டு கல், ஒரு சட்டிச் சிமெண்ட், அவ்வளவுதான் செலவு. ஆனால் அரை நாள் வேலைக்கு மேஸ்திரி வருவது கஷ்டம், வந்தால் முழுநாள் கூலி கொடுக்க வேண்டும். அதனால் நாங்கள் படிக்கட்டுப் பூச்சையும் சேர்த்து அதே நாளில் முடித்துக்கொண்டோம்.

பாலக்கோட்டு வீட்டுக்கு இதே முறையைச் சொல்லியிருந்தால் தப்பாகியிருக்கும். அது மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. அப்படிப்பட்ட சுவர் மழையில் ஈரத்தை வாங்கி, வெயிலில் திரும்ப விட்டுவிடும். சில வருடம் முன்பு யாரோ அங்கே எலி வளையைச் சிமெண்ட்டால் அடைத்திருந்தார்கள். அடைத்த இடம் கல்லாக நின்றது. வெளியேற வழியில்லாத ஈரம் அதைச் சுற்றியிருந்த பழைய கல்லில் தேங்கி, கல் பொரிந்து உதிர்ந்து, ஓட்டை முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. இங்கே சுண்ணாம்புதான் சரி. நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. அதோடு சலித்த செங்கல் தூள் சேர்த்தால் ஈரமான இடத்திலும் இறுகும். அந்தக் காலத்தில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் கலந்தார்கள், சித்தப்பா வீட்டில் அது இல்லாமலேதான் செய்தோம்.

சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெதுவாகத்தான் கல்லாகும், வாரக்கணக்கில். மழைக்காலத்தில் தொடவே கூடாது. கடையில் நாள்பட்டுத் திறந்து கிடந்த தூள் காற்றுப் பட்டே வீரியம் இழந்திருக்கும், அதை வாங்க வேண்டாம். சுட்ட சுண்ணாம்புக்கல்லை வீட்டில் நீற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஓசூர் வீட்டில் ஏசி பைப்புக்காகப் போட்ட மூன்று இஞ்ச் துளை. பைப்பைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி, அதில் பல்லி வருகிறது என்று தங்கை சொன்னாள். இங்கேதான் ஃபோம் ஸ்பிரே, அதாவது டப்பாவிலிருந்து பீய்ச்சியதும் நுரையாக உப்பி இறுகும் பொருள், நன்றாக உதவியது. பைப்பை எடுக்காமலே இடுக்கெல்லாம் உப்பி நிறைந்துவிடும், நாளைக்கு ஏசியைக் கழற்றினாலும் கத்தியால் அறுத்து எடுத்துவிடலாம், வாடகை வீட்டுக்கு வசதி. ஆனால் வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகிப் பொடியாகும். எலியும் கடித்துவிடும், தரையோரத்து வளைக்கு அது ஆகவே ஆகாது. காய்ந்தபின் வெளிப்பக்கம் ஓர் இஞ்ச் ஆழம் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைச் சிமெண்ட் சாந்தால் மூடினோம். துளை வெளியே பார்த்துச் சற்றுச் சரிந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் சரிந்திருந்தால் எதை வைத்து அடைத்தாலும் தண்ணீர் பைப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும்.

பாக்கெட்டில் வரும் பாலிமர் கலந்த ரிப்பேர் கலவை, கல்லின் முகம் உடைந்த இடத்துக்கும் ஓர் இஞ்ச் ஆழப் பள்ளத்துக்கும் நல்லது. நன்றாக ஒட்டும், சுருக்கமும் குறைவு. ஆழமான ஓட்டையை முழுக்க அதனாலேயே நிரப்புவது காசுக்குக் கேடு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மழையில் இளகிவிடும், வெளிச்சுவருக்கு வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் கோடை மழையும் உண்டு, ஆடி ஆவணி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. அதனால் நான் தை, மாசியைத்தான் சொல்வேன். மழை விட்டுச் சுவர் உலர்ந்திருக்கும், வெயிலும் சாந்தை உடனே உலர்த்திவிடாது. சிமெண்ட் பூச்சுக்கு மேல் பெயிண்ட் அடிக்க நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

கல்லைப் பெயர்க்கும் முன் சுவரின் அந்தப் பக்கம் வயர் ஓடுகிறதா என்று பார்த்து, மெயினை அணைத்துவிடுங்கள். ஓட்டை இரண்டு அடியைத் தாண்டினாலோ, அதன் மூலையிலிருந்து சாந்து வரிசையைப் பிடித்துப் படிக்கட்டு போல விரிசல் மேலேறினாலோ, கல், சுண்ணாம்பு என்று எதையும் தொடாதீர்கள். அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். ஒரு கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லும்வரை அந்தச் சுவரில் ஒரு கல்லைக்கூட அசைக்க வேண்டாம்.