கணக்கெடுப்பு இணையப் படிவம்: வசதி சரி, விளக்கம் எங்கே?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இந்த முறை இணையத்திலேயே விவரம் கொடுத்தேன், இருபது நிமிடத்தில் முடிந்தது, எங்கும் சிக்கவில்லை. வயது, படிப்பு, வேலை, வீட்டில் எத்தனை அறை என்பதெல்லாம் சரி, பள்ளியும் மருத்துவமனையும் எங்கே வேண்டும் என்று திட்டமிட அது தேவைதான். ஆனால் பெயரும் கைபேசி எண்ணும் கேட்ட அதே படிவத்தில் மதம், பிறந்த நாடு என்று வந்ததும் கை தயங்கியது.

பயப்படக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று 1940 கணக்கெடுப்பு சொன்னது, 1942இல் அவர்களைத் தடுப்பு முகாம்களில் அடைக்க அந்த எண்ணிக்கை உதவியது. மேற்கு ஜெர்மனியில் 1983இல் அரசியலமைப்பு நீதிமன்றமே கணக்கெடுப்பைத் தடுத்து நிறுத்தி, தன் விவரத்தை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவரவருக்கு உண்டு என்றது.

அப்புறம், என் பெரிய குறை இதுதான்: பெயரை எப்போது பிரித்து நீக்குவார்கள், வேறு துறைகள் பார்க்குமா, எந்தக் கேள்வியை விட்டுவிடலாம், ஒரு வரிகூட இல்லை. உதவி எண்ணில் கேட்டால் ‘ரகசியமாக இருக்கும்’ என்று மட்டும் சொன்னார்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் படிவம் வேகமாக ஓடியதற்கு.