11 வருடமாக ஒரு ரெக்கார்டு பிளேயரும் அப்பாவின் தட்டுகளும்

2014 தொடக்கத்தில், இங்கே சிங்கப்பூரில், அப்பாவின் ஈசூன் வீட்டைக் காலி செய்தோம். ஸ்டோர்ரூமில் பழைய தையல் மெஷினுக்குப் பின்னால் இரண்டு அட்டைப் பெட்டிகள். உள்ளே 63 இசைத்தட்டுகள். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், சம்பள நாளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இறங்கி ஒரு தட்டாவது வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டார் என்று அம்மா சொல்வார். போட்டுக் கேட்க என்னிடம் எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்து, பழைய ஆடியோ சாமான் விற்கும் கடை ஒன்றில் 380 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) இந்த ரெக்கார்டு பிளேயரை வாங்கினேன். பெல்ட்டில் ஓடுவது. நிமிடத்துக்கு 33 சுற்று, 45 சுற்று என இரண்டு வேகம். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாளாவது ஓடுகிறது.

முதலில் போட்டது 'புதிய பறவை' இ.பி., அதாவது சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறிய தட்டு. 1964ல் வந்த படம், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. கதாநாயகன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஊர் திரும்புவான். சௌகார் ஜானகி பாடும் கிளப்பும் கதைப்படி இங்கேதான். அதனாலேயே எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்குத் தனி மரியாதை. 'பார்த்த ஞாபகம் இல்லையோ' பாட்டை வானொலி, கேசட், சிடி, கைப்பேசி என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தட்டில் கேட்டபோதுதான் வரிக்கு வரி சுசீலா அம்மா மூச்சு எடுப்பது காதில் விழுந்தது. கையில் வைத்திருந்த காப்பி ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அது மோனோ பதிவு. இடது வலது என்று பிரிவு கிடையாது, எல்லாம் நடுவிலிருந்து வருகிறது. ஆனால் முன், பின் என்று ஓர் ஆழம் இருக்கிறது. குரல் கிட்டத்தில், வயலின்கள் தள்ளி, தாளம் அதற்கும் பின்னால். இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் இந்த ஆழம் இல்லை. எதிரொலி சேர்த்து, ஸ்டீரியோ மாதிரி இழுத்துப் பரப்பி, சிலவற்றில் புதிதாக டிரம் சத்தம் வேறு போட்டிருப்பார்கள். சில பிரதிகள் வேகம் கூடி ஓடும். சுருதியே ஏறிப்போய், டி.எம்.எஸ். குரல் பத்து வயது குறைந்தவர் குரலாகிவிடும். எனக்கு அது பெரிய மனவருத்தம். அந்தக் குரலின் கனத்துக்காகத்தானே பாட்டைக் கேட்கிறோம்?

ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். மோனோ தட்டு போடும்போது ஆம்ப்ளிஃபையரில் 'மோனோ' பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிடுங்கள். ஊசி மேலும் கீழும் அசைவதால் வரும் கரகரப்பில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். எனக்கு இது தெரிய மூன்று வருடம் ஆயிற்று. அதுவரை தட்டுகள்தான் கெட்டுவிட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சரணக் கணக்கு. படத்தில் மூன்று சரணம் இருக்கும் பாட்டு தட்டில் இரண்டோடு முடிவதைப் பல முறை கவனித்திருக்கிறேன். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம் உண்டு. அந்த அளவு பாட்டின் உருவத்தையே தீர்மானித்துவிட்டது. முன்னிசை நீளாது, இடையிசையில் ஒரு நொடி வீணாகாது. மெல்லிசை மன்னர்களின் பாட்டுகளில் எதையும் எடுக்க முடியாது என்று தோன்றுவதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

தட்டுகளோடு பழகப் பழக என் காது பாடகரை விட்டு மெல்லப் பின்னால் போனது. அந்த அக்கார்டியன் யார்? அந்த ஷெனாய் யார்? உறையைத் திருப்பிப் பார்த்தால் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைப்பாளர் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. அப்பாவின் 63 உறைகளையும் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அக்கார்டியன் மங்களமூர்த்தி, ஷெனாய் சத்யம் என்ற பெயர்களெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தன. இப்போது அந்த வாத்தியம் எழும் இடத்தில் பெயரை வாய்விட்டுச் சொல்வேன். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டீரியோவுக்கு என் வீட்டில் ஒரே அளவுகோல் 'ப்ரியா'. 1978, இளையராஜா. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படங்களில் ஒன்று. சிங்கப்பூரில் எடுத்த படம். 'அக்கரைச் சீமை அழகினிலே' பாட்டை இந்த ஊரில் வளர்ந்த எந்தத் தமிழருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்பீக்கரை எங்கே வைத்தால் நல்லது என்று அந்தத் தட்டை வைத்துத்தான் முடிவு செய்தேன். ஜேசுதாஸ் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், தொலைக்காட்சி இருக்கும் இடத்தில் வந்து நிற்கும்வரை சோபாவை நகர்த்திக்கொண்டே இருந்தேன். என் கணவர் பொறுமையாக மறுபக்கம் பிடித்துக் கொடுத்தார்.

சரி, கருவியின் குறைகளுக்கு வருகிறேன். பெல்ட்தான் இதன் பலவீனம். நம் ஊர் வெக்கையில் ரப்பர் தளர்ந்துவிடுகிறது. இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். தளர்வது உடனே தெரியாது. நீண்டு நிற்கும் ஸ்வரம் லேசாக அலைபாயும், அவ்வளவுதான். சோதிக்க எளிய வழி உண்டு. கோடு போட்ட அட்டை ஒன்றைத் தட்டின்மேல் வைத்து, பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்கான அட்டையாக வாங்குங்கள். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். எல்லா எல்.இ.டி. விளக்குகளிலும் இது வேலை செய்யாது. அதற்காகவே ஒரு குண்டு பல்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் முறை பெல்ட் விற்ற கடை வேறு மாடலின் பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, பிரித்ததைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டது. 28 வெள்ளி போனதைவிட, அந்த இரண்டு வாரம் பாட்டில்லாமல் போனதுதான் வருத்தம்.

ஊசி மூன்று முறை மாறிவிட்டது. உருண்டை முனை ஊசிதான் எனக்குச் சரிப்பட்டது. அப்பாவின் பழைய மெஷின், ஊசி பொருத்திய கனமான கையால் அழுத்தித் தேய்த்த தட்டுகள் இவை. விலை கூடிய நீள்வட்ட முனை போட்டுப் பார்த்தேன். பாட்டோடு சேர்ந்து தேய்மானமும் தெளிவாகக் கேட்டது.

பூஞ்சணம் பெரிய எதிரி. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. மூடிய ஸ்டோர்ரூமில் பல வருடம் கிடந்த தட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள் நட்சத்திரம் மாதிரி பூத்திருந்தன. காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்து, மெல்லிய துணியால் பள்ளம் போகும் திசையிலேயே துடைப்பேன். ஆனால் 78 தட்டின் பக்கம் ஆல்கஹாலைக் கொண்டுபோகாதீர்கள். அது அரக்குத் தட்டு, கரைந்துவிடும். பழைய பிளாஸ்டிக் உள்ளுறைகளையும் எடுத்துப் போட்டுவிட்டேன். வெக்கையில் தட்டோடு ஒட்டிக்கொள்கின்றன. இப்போது எல்லாத் தட்டும் கேமரா வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டியில் செங்குத்தாக நிற்கின்றன. பெட்டியின் விலை பிளேயரின் விலையைவிடக் கூடுதல்.

புதிதாகத் தேடி வாங்க முன்பு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்தது. மலாய், சீனம், தமிழ் எல்லாம் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். ஒரு சீனத் தாத்தா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே "லாகு தமிழ், பாகுஸ்!" (தமிழ்ப் பாட்டு, நல்லா இருக்கு!) என்று மலாயில் சொல்லி நான்கைந்தை எடுத்து நீட்டுவார். மலாய்ப் பாடகர் பி. ராம்லியின் பாட்டுகளை நான் கேட்கத் தொடங்கியதும் அவரால்தான். 2017 ஜூலை 10ஆம் தேதி சந்தையை மூடிவிட்டார்கள். அன்று கடைசியாக வாங்கிய இரண்டு தட்டுகளில் ஒன்று பாட்டே இல்லை, கதை வசனம். அம்மா அதைச் சேர்ந்து ஒப்பிப்பார். இப்போது இணையத்தில் வாங்குகிறேன், ஆனால் தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் பணம் கொடுப்பது இன்னும் மனதுக்கு ஒப்பவில்லை.

வேலை பார்த்துக்கொண்டே பின்னணியில் பாட்டு ஓட வேண்டும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம். ஒலி 96.8 வானொலி போதும், நானும் சமைக்கும்போது அதைத்தான் கேட்கிறேன். இ.பி.யில் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அப்பாவின் பெட்டியில் ஏழு 78 தட்டுகள் உண்டு. இந்த பிளேயரில் அந்த வேகம் இல்லை. வேகம் இருந்தாலும் அந்தப் பள்ளத்துக்குத் தடிமனான ஊசி வேண்டும். அதில் ஒன்று ஜி. ராமநாதன் இசையமைத்த பாட்டு. கல்யாணமான புதிதில் அப்பா வாங்கியது என்று அம்மா அடையாளம் காட்டினார். அவருக்கு இப்போது 81. போன வாரம் உறையைத் தடவிக்கொண்டே, "இத எப்பம்மா போடுவ?" என்று கேட்டார். 78 ஓடும் ஒரு பழைய மெஷினைப் பார்த்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு, தட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.