குட்டைக் களியில் சுண்ணாம்பு கலந்து போட்ட பாதை: ஆறு மழைக்காலம் கழித்து

சீர்காழிப் பக்கம் எங்கள் வயல். சாலையிலிருந்து களம் வரை 60 மீட்டர் வண்டிப்பாதை. ஐப்பசி பிறந்தால் டிராக்டர் புதைந்து நிற்கும். 2019 கோடையில் பண்ணைக்குட்டை வெட்டியபோது கரையில் களி மலையாகக் குவிந்தது. விலைகொடுத்துக் கிராவல் அடிக்காமல், இந்தக் களியையே கெட்டிப்படுத்திப் போட்டேன்.

களியைக் காயவைத்து, 20 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, உலர்ந்த மண் எடையில் 6 சதவீதம் சுட்ட சுண்ணாம்புத் தூளைத் தூவி, ரோட்டவேட்டர் ஓட்டிக் கலந்தோம். மூன்று டன் சுண்ணாம்பு பிடித்தது. சிமெண்ட் போடலாமே என்றார்கள். ஜப்பானில் நகோயா துறைமுகத்தில் தூர்வாரிய சேற்றில் சிமெண்ட் கலந்துதான் 2005இல் திறந்த விமான நிலையத்துக்குக் கடலில் நிலத்தின் ஒரு பகுதியை அமைத்தார்கள். ஆனால் அது குழாய்க்குள் காற்றழுத்தத்தில் ஓடும்போதே கலந்துவிடும் குழைசேறு. நம் ஊர்ப் பிசின் களிக்கு, கையில் இருக்கும் கருவிக்கு, சுண்ணாம்புதான் சரி.

சுண்ணாம்பு முதலில் மண்ணின் ஈரத்தைக் குடித்துச் சூடாகி நீறும். சில மணி நேரத்தில் களித்துகள்கள் திரண்டு, பிசுபிசுப்பு போய், மண் பொலபொலவென்று ஆகிவிடும். உண்மையான கெட்டி அப்புறம்தான். களியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து இறுக மாதக்கணக்கில் ஆகும்.

அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். முதல் பத்து மீட்டரைக் கலந்த அன்றே ரோலர் விட்டு அழுத்திவிட்டேன். நீறாத குருணைகள் பிறகு நீறி உப்பி, பாதை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. மிச்சத்தை ஈரம் காட்டி இரண்டு நாள் ஆறப்போட்டு, மறுபடி கலந்து அழுத்தினோம். அந்தப் பகுதி இன்றுவரை அசையவில்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் வெறும் களிக்கட்டி, மற்றதில் பாதையில் பெயர்த்த துண்டு. களிக்கட்டி ஓரம் ஓரமாக உதிர்ந்து, ஒரு மணி நேரத்தில் அடியில் சேறாகப் படிந்துவிட்டது. சுண்ணாம்புத் துண்டு விடிந்தும் விளிம்பு மழுங்காமல் கிடந்தது. தண்ணீர்கூடக் கலங்கவில்லை.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. பாதைமேல் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்த மறுநாள் டிராக்டர் போனது, சக்கரத்தடம் விரல் ஆழம்கூட இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

மாட்டுக்கொட்டகை ஓரம் மட்டும் தேறவே இல்லை. சாணமும் மக்கிய வைக்கோலும் கலந்த மண்ணில் சுண்ணாம்பு பிடிக்காது. இரண்டாம் வருடம் அதைத் தோண்டிக் கிராவல்தான் போட்டேன். கோடையில் மேல்பரப்பு தூசியாகத் தேயவும் செய்கிறது. அதனால் மேலே இரண்டு அங்குலம் கிராவல் கட்டாயம். சுண்ணாம்புக் களி அடித்தளத்துக்குத்தான்.

கலக்கும்போது கண்ணாடி, கையுறை, பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகும். வாங்குவதற்கு முன் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கொதிக்காவிட்டால் காற்றுப்பட்டு வீரியம் போன சரக்கு, திருப்பி அனுப்பிவிடுங்கள்.